ஒரு முகத்துக்கு எத்தனை மண்ணிறம்?

12 கலர் பென்சில் உள்ள பெட்டியில் ஒரு மண்ணிறம் இருக்கும். 24 உள்ளதை வாங்கினால் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்குப் பக்கத்தில் வெளிறிப்போன ரோசா நிறத்தில் ஒரு பென்சில் கிடக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சித்திரப் பாடத்தில் முகத்துக்கென்று தேடி எடுப்பது அதைத்தான். தைப்பொங்கல் படம் கீறச் சொன்னால் முற்றத்தில் நிற்கிற அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி எல்லாரும் ஒரே வெளிறல் ரோசா. பொங்கல் பானைக்கு மட்டும் மண்ணிறம். வீட்டில் ஒருவரும் அந்த நிறத்தில் இல்லை என்பது கீறுகிற பிள்ளைக்கும் தெரியும், மார்க்ஸ் போடுகிற ரீச்சருக்கும் தெரியும். ஆனாலும் முகம் என்றால் அந்தப் பென்சில்தான்.

அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் இந்த நிறத்துக்கு வைத்திருந்த ‘மனிதத் தோல்’ என்கிற மாதிரியான பெயரை 1962இலேயே எடுத்துவிட்டு ஒரு பழத்தின் பெயரை வைத்தது. 2020இல் 24 தோல் நிறங்களோடு ஒரு கிரயோன் பெட்டியே வெளியிட்டது. அந்தச் செய்தி எங்கள் வகுப்பறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கலர் பென்சிலால் முகம் கீறப் பழக வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால், முதலில் அந்த ரோசாப் பென்சிலை எடுத்து ஓரமாக வை என்றுதான் சொல்வேன். உதட்டுக்கு எப்போதாவது உதவும்.

நான் தொடங்கியது 2022இல், பொருளாதார நெருக்கடிக்குள். அந்த வருடம் எப்படியிருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வந்தால் போனில் சார்ஜ் இருக்காது. எங்கள் வீட்டில் தாராளமாக மிஞ்சியிருந்தது விறாந்தை வெளிச்சம் மட்டும்தான். மகள் கைவிட்ட பென்சில் பெட்டியோடு அங்கே போய் இருந்தேன். அவ்வளவுதான் தொடக்கம்.

ஆகவே கலர் பென்சிலை நான் தேர்ந்தெடுத்ததாகப் பெருமை பேச முடியாது, கையில் கிடைத்தது அது. ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் ரியூசனுக்கும் நடுவில் ஓடுகிற ஒருத்திக்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை. எண்ணெய் வர்ணம் போல மணக்காது. நீர்வர்ணம் போல இப்போதே முடி என்று அவதிப்படுத்தாது. அடுப்பில் பருப்பு பொங்கினால் வைத்துவிட்டு எழும்பலாம், இரண்டு நாள் கழித்து வந்தாலும் விட்ட இடம் விட்டபடி இருக்கும். என்ன, ஆறுதலாகத்தான் வரும். ஏ4 அளவில் ஒரு முகம் ஒழுங்காக வர வாரக்கணக்கு எடுக்கும். பொறுமை இல்லாதவர்கள் வேறு ஏதாவது பழகலாம், ஒன்றும் குடி முழுகாது.

பென்சில் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. எழுதுகிற பென்சிலில் காரீயம் என்று நாங்கள் சொல்கிற கிராபைட்டையும் களியையும் சேர்த்துச் சூளையில் சுட்டிருப்பார்கள். காரீயத்துக்கு எங்கள் நாடு பேர்போனது, போகலவிலும் கஹட்டகஹவிலும் சுரங்கத்திலிருந்து எடுப்பது உலகத்திலேயே சுத்தமான வகைகளில் ஒன்று. கலர் பென்சிலில் அது துளியும் இல்லை. நிறத்தூள், மெழுகு அல்லது எண்ணெய், வெண்களி, கொஞ்சம் பசை. சுடுவதும் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தால் சண்டை வரும்: காரீயக் கோட்டின் மேல் நிறத்தைத் தேய்க்கத் தேய்க்க அது கலைந்து வெளிர் நிறங்களையெல்லாம் சாம்பலாக்கும். அதனால் வெளிக்கோட்டை மங்கலாகப் போட்டு, பிசைகிற றப்பரால் ஒற்றி ஒற்றிக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆக்கி, அதன் மேல் இளம் மண்ணிறத்தால் ஒரு தரம் போய்விட வேண்டும்.

பள்ளிக்கூடப் பென்சிலில் களி கூட, நிறத்தூள் குறைவு. பழகுவதற்கு அது போதும். பிறகு கை அதைத் தாண்டிப் போகும்போது தெரியும். ஓவியர்களுக்கென்று செய்கிற வகைகளில் ஃபாபர்-காஸ்டலின் பொலிக்ரோமோஸ் எண்ணெய் சேர்ந்தது, 120 நிறம், கொஞ்சம் இறுக்கம், கூர் நிற்கும். பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு, 150 நிறம், வெண்ணெய்போல இறங்கும். மெழுகு வகையில் அழுத்தி நிறைத்துவிட்டு நாலைந்து நாள் விட்டால் மேலே வெள்ளைப் பனிப்புகார் மாதிரி ஒன்று படரும். பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம், மெழுகு மேலே ஏறியிருக்கிறது, மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

இதெல்லாம் யாழ்ப்பாணத்துக்கு வருகிற வழி எல்லாருக்கும் தெரிந்த வழிதான், வெளிநாட்டுச் சொந்தம். சொக்லேட்டும் வாசனைத் தைலமும் வருகிற சூட்கேசில் எனக்கு மட்டும் பென்சில் வரும். சுவிஸிலிருந்து வந்த மாமாவிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தேன். பெட்டியாக வேண்டாம், இந்த ஆறையும் தனித்தனியாக எடுத்து வாருங்கோ என்று: பர்ன்ட் சியன்னா, ரோ அம்பர், பர்ன்ட் அம்பர், வெனீஷியன் ரெட், டார்க் செபியா, டார்க் இன்டிகோ.

“அஞ்சு மண்ணிறமும் ஒரு நீலமுமோ? கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பாத்தவன் பிள்ளை,” என்றார்.

ஆனால் அந்த ஆறிலேயே எங்கள் குடும்பத்து முகம் ஒவ்வொன்றிலும் பெரும்பகுதியைக் கீறிவிடலாம். 120 நிறப் பெட்டியில் முகத்துக்குத் தேவைப்படாத நிறங்கள் கனக்க. சியன்னாவும் அம்பரும் அடிப்படையில் இரும்பு கலந்த மண், வறுத்தால் சிவக்கும். எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் அதே இரும்பு ஒட்சைட்டுத்தான். பர்ன்ட் சியன்னாவை முதன்முதல் சீவியபோது விறாந்தைத் தரையில் விழுந்த தூள், தோட்டத்தால் வந்தவரின் காலில் ஒட்டி வந்த மண்ணோடு வித்தியாசம் தெரியாமல் கிடந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் கூட்டினேன்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கனபேர் பென்சிலில் காசைக் கொட்டிவிட்டுத் தாளில் மிச்சம் பிடிக்கிறார்கள். தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. நிறம் தங்குவது அந்தப் பள்ளங்களில்தான். புதிதாகப் பொளிந்த அம்மி மாதிரி: பொளிவு இருக்கும்வரை அரைபடும், தேய்ந்து வழுவழுப்பானால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கள் கடைகளில் கிடைக்கிற பிரிஸ்டல் போட் பெரும்பாலும் வழுவழுப்பு. நாலாவது பூச்சிலேயே மறுக்கும். நீர்வர்ணத்துக்கென்று வருகிற 300 கிராம் தாளில், சூட்டில் அழுத்திச் செய்த, மேற்பரப்பு சமமான வகை இருக்கிறது. அது பத்துப் பன்னிரண்டு பூச்சைச் சோராமல் வாங்கும். தொடக்கத்திலேயே அழுத்தித் தேய்த்தால் எந்தத் தாளும் கைவிட்டுவிடும். பென்சிலின் வால் பக்கத்தைப் பிடித்து, அதன் பாரத்தில் அதுவாக இறங்க விட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்க்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: கைக்குக் கீழே எப்போதும் இன்னொரு தாள்.

முகத்தின் அமைப்பு பழகியது எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியரிடம். அவர் நிறத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். “கண் எங்க இருக்கு?” என்பார். உச்சந்தலைக்கும் நாடிக்கும் சரிபாதியில். கேட்கும்போது எல்லாருக்கும் தெரியும், கீறும்போது கண் மேலே ஏறிவிடும். நெற்றியிலும் மண்டையிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் நினைத்து அதைச் சுருக்கிவிடுகிறது. இரண்டு கண்ணுக்கும் இடையில் ஒரு கண் அகலம். காது, புருவத்திலிருந்து மூக்கடி வரைக்கும். சினிமாக் கட்அவுட் கீறியவர்கள் செய்தது போலக் கட்டம் போட்டுக் கீறவும் அவர் விட்டார், கொஞ்சக் காலம். பிறகு கட்டத்தை நிற்பாட்டிவிட்டுப் படத்தைத் தலைகீழாகத் திருப்பித் தந்தார். தலைகீழாக இருக்கும்போது மூக்கு மூக்காகத் தெரியாது, ஒரு நிழல் வடிவமாகத்தான் தெரியும். அதைத்தான் கீற வேண்டும்.

எங்கள் ஊரில் உருவப்படம் நேற்று வந்த பழக்கம் இல்லை என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன். இலங்கையில் சித்திரப் பாடத்துக்குப் பிரதம வித்தியாதரிசியாக, அதாவது தலைமைக் கல்விப் பரிசோதகராக, இருந்த சார்ல்ஸ் ஃப்றீகுறோவ் வின்சரின் பெயரில், 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். பள்ளிக்கூட ஆசிரியர்கள் சனி ஞாயிறுகளில் கூடிக் கீறிய காலம். பிறகு வந்தவர்களில் குருநகரில் பிறந்த மாற்கு, ஒரு தலைமுறைக்கே ஓவியம் சொல்லிக் கொடுத்தவர், 1995இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தன் படங்களில் கனக்கவற்றை இழந்தார். 2020இல் காலமான ஆசை இராசையா யதார்த்த பாணியில் முகங்கள் கீறியவர். இவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் எண்ணெயும் நீர்வர்ணமும்தான். கலர் பென்சில் அப்போது பிள்ளைகளின் சாமான். வெளிநாடுகளிலும் அதற்கு மதிப்பு வந்தது பிந்தித்தான், அமெரிக்காவில் கலர் பென்சில் ஓவியர்களுக்கென்று ஒரு சங்கம் 1990இல்தான் உருவானது. எங்கள் சேருக்கு இன்றும் அது முழு மரியாதைக்குரிய சாமான் இல்லை. “பரவாயில்லை, பென்சில்தானே,” என்பதுதான் அவருடைய உச்சமான பாராட்டு.

சரி, நிறத்துக்கு வருவோம்.

இணையத்தில் கலர் பென்சில் முகம் சொல்லித் தருகிற வீடியோக்களுக்குக் கணக்கில்லை. நானும் அவற்றில் நிறையப் பார்த்திருக்கிறேன், நன்றியோடுதான் சொல்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரி முகம்: வெள்ளைத் தோல், ஒரு பக்க யன்னலால் மெதுவாக வருகிற வெளிச்சம். அதில் சொல்கிற படிமுறை எங்களுக்கு அப்படியே பொருந்தாது. வெள்ளைத் தோலுக்குள் வெளிச்சம் புகுந்து, சிதறி, திரும்பி வருகிறது. அதனால்தான் அவர்களின் காதுமடலும் மூக்கு நுனியும் உள்ளிருந்து சிவக்கும், வெளிச்சமும் நிழலும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். கறுத்த தோலில் மெலனின் அதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். கண்ணில் எடுப்பாகத் தெரிவது தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம். அந்தத் தெறிப்பில் தோலின் நிறம் கிடையாது. எதிரே என்ன இருக்கிறதோ அதன் நிறம்.

விறாந்தையில் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒருவரின் நெற்றி மேட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அங்கே மினுங்குவது வெள்ளையும் இல்லை, இள மண்ணிறமும் இல்லை. வெளிர் நீலம். முற்றத்துக்கு மேலே உள்ள வானம் அவர் நெற்றியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு என் பென்சில் பெட்டியின் ஒழுங்கே மாறியது. இப்போது நெற்றியைத் தொடங்குவது நீலத்தில்தான்: மினுங்குகிற இடத்தில் மிக வெளிறிய நீலம், அதைச் சுற்றி இளம் ஊதா ஒரு வளையம், அதற்கு வெளியே காவி. பிறகு பர்ன்ட் சியன்னா, சின்னச் சின்ன வட்டமாக, நீலத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும். கன்னத்திலும் காதிலும் வெனீஷியன் ரெட். நிழலுக்கு ஒருபோதும் கறுப்பு இல்லை. கறுப்புப் பென்சில் முகத்தில் பட்டால் அந்த இடம் செத்துப்போகும், சுற்றியிருக்கிற எல்லா மண்ணிறமும் அதன் பக்கத்தில் தூசி பிடித்தது போலத் தெரியும். செபியாவும் இன்டிகோவும் வெனீஷியன் ரெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போனால் கறுப்பைவிட ஆழமான இருட்டு கிடைக்கும், உள்ளே உயிரும் இருக்கும். தலைமயிருக்கும் அதே கூட்டுத்தான். தேங்காயெண்ணெய் பூசி இழுத்த தலையில் வகிட்டின் இரு பக்கமும் பளபளக்கிற பட்டை, திரும்பவும் வானம்தான்.

மேலிருந்து வானம் என்றால், கீழிருந்து நிலம். உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துத் தோட்டக் காணியில் மத்தியான வெயிலுக்கு நிற்கிற ஒருவரின் நாடிக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, மேலிமையின் உட்பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் ஏறியிருக்கும். செம்மண்ணில் பட்ட வெயில் திரும்பி மேலே வருகிறது. அதே ஆளை மணற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மணலில் நிறுத்தினால் செம்மஞ்சள் ஓடிப்போய், நாடி நிழல் வெளிறிச் சாம்பலாகும். ஒரே முகம், ஒரே நேரம், பதினைந்து இருபது மைல் வித்தியாசம், பென்சில் வேறு.

இந்தக் கீழ்வெளிச்சத்தைப் படிக்க நல்லூர்த் திருவிழாவைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 25 நாள். வீதியெங்கும் மணல். ஆண்கள் மேலுக்கு ஒன்றும் இல்லாமல், திருநீறு பூசி, வியர்த்து, வெயிலில் நிற்கிறார்கள். சாதாரண நாளில் ஒருவரின் நாடியை அரை நிமிடம் உற்றுப் பார்த்தால் சண்டைக்கு வருவார். தேர் இழுக்கிற நேரத்தில் யார் யாரைப் பார்க்கிறார் என்று ஒருவருக்கும் கவலை இல்லை. கும்பிடத்தான் போகிறேன், அதிலும் குறை வைப்பதில்லை.

திருநீறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கலர் பென்சிலில் இருட்டின் மேல் வெள்ளை ஏறாது. கறுத்த நெற்றியைக் கீறி முடித்துவிட்டு, கடைசியில் வெள்ளைப் பென்சிலால் மூன்று குறி இழுக்கலாம் என்று நினைத்தால், வருவது அழுக்கு ரோசா. எனவே திருநீற்றை முதலிலேயே நினைக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று பட்டையையும் வெறும் தாளாக விட்டால் பிளாஸ்டர் ஒட்டியது போல இருக்கும். உண்மையான திருநீறு ஒரே சீராக இருக்காது. விரல் தொடங்கிய இடத்தில் தடிப்பு, இழுத்து முடிகிற இடத்தில் தோல் தெரியும், நெற்றிச் சுருக்கத்தில் மட்டும் கோடாகத் தங்கும், வியர்த்த இடத்தில் சாம்பல் நிறமாகக் கரையும். நான் செய்வது: பட்டை வரும் இடத்தில் தாளை விட்டுவிட்டு, சுற்றியுள்ள தோலைக் கட்டி எழுப்பி, பிறகு வெளிர் சாம்பலையும் காவியையும் விரலின் போக்கில் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு மங்கலாகக் கொண்டுபோவது. நரைமுடிக்கு வேறு தந்திரம். மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் தாளில் முதலே அழுத்தி இழுத்துவிட்டால், அந்தப் பள்ளத்துக்குள் பென்சில் இறங்காது. மேலே எந்த நிறத்தைத் தேய்த்தாலும் வெள்ளை மயிர் வெள்ளையாகவே நிற்கும். இதைச் செய்யக் கொஞ்சம் துணிவு வேண்டும், ஏனென்றால் அழித்துத் திருத்த வழியே இல்லை.

வயதானவர்களின் கண்ணைப் பற்றியும். வெண்விழி வெள்ளை இல்லை என்பதை எல்லா வீடியோவும் சொல்லும். சொல்லாதது, எங்கள் ஆச்சிமாரின் கருவிழியைச் சுற்றி ஒரு நீலச்சாம்பல் வளையம் இருக்கும் என்பது. வயது போகப்போகக் கண்ணின் முன்படலத்தின் ஓரத்தில் கொழுப்புப் படிவதால் வருகிறது, பார்வைக்கு அதனால் பாதிப்பில்லை. நடுவில் மண்ணிறம், ஓரத்தில் மங்கிய நீலம். அதைக் கீறாமல் விட்டால் எவ்வளவு சுருக்கம் போட்டாலும் ஆளின் வயது வராது. கண்ணுக்குள் தெரிகிற வெள்ளைப் புள்ளியையும் சும்மா வட்டமாக வைக்கக்கூடாது. விறாந்தையில் இருப்பவரின் கண்ணில் வாசல் தெரியும், கம்பி அடித்த வீடென்றால் கம்பியும் தெரியும்.

இதுவரைக்கும் சொன்னது ஆள் முன்னால் இருக்கும்போது. யாழ்ப்பாணத்தில் முகம் கீறத் தெரியும் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் வருகிற முதல் வேலை, ஆள் இல்லாத முகம்தான். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி நெருங்கும், கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும், ஒரு நல்ல படம் இல்லை. எங்கள் வீட்டிலும் அதேதான். 1995 ஒக்டோபர் 30 இரவு வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது அல்பங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அல்பமும் இல்லை. அம்மம்மாவின் முகம் மிஞ்சியது ஒரே இடத்தில், அவவின் கைப்பையில் இருந்த அடையாள அட்டையில். கறுப்பு வெள்ளை, முத்திரை அளவு, மேலே மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்.

அதைப் பெருப்பித்து எடுத்து வைத்துக்கொண்டு, அம்மம்மா என்ன நிறம் என்று எல்லாரிடமும் கேட்டேன். அம்மா மாநிறம் என்றா. மாமா, நல்ல கறுப்பு, வடிவான கறுப்பு என்றார். பெரியம்மா ஒரே போடாகப் போட்டா: “அம்மா வெள்ளையடி. நீங்கள் பாக்கேக்க வெயிலில திரிஞ்சு கறுத்துப்போனா.” மூன்று பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

கறுப்பு வெள்ளைப் படம் இந்தச் சண்டையில் உதவிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்தது. எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. அந்த அளவைக் காப்பாற்றினால் மண்ணிறம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் போனாலும் மஞ்சள் பக்கம் போனாலும் அம்மம்மா அம்மம்மாதான். அந்த அளவு பிழைத்தால், நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரோ ஒருவர். இப்போது நிறப்படத்திலிருந்து கீறும்போதும் கீறிய தாளைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, மூலப்படத்தையும் அப்படியே ஆக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எங்கே இருட்டுப் போதவில்லை என்று உடனே தெரியும். அநேகமாக எப்போதும் இருட்டுத்தான் போதாமல் இருக்கும், கலர் பென்சில்காரருக்கு ஆழத்துக்குப் போகப் பயம். நிறத்துக்கு, அம்மாவை அதே விறாந்தையில் இருத்தி, அவவின் முன்கையின் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பார்த்துப் பென்சில் எடுத்தேன். உட்பக்கம் பெரியம்மா சொன்ன வெள்ளைக்குக் கிட்ட. வெளிப்பக்கம் மாமா சொன்ன கறுப்பு.

படம் முடிந்ததும் பெரியம்மா வந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்தா, தூர வைத்துப் பார்த்தா. கண் கலங்கினது. பிறகு,

“எல்லாம் சரி பிள்ளை. கொஞ்சம் வெள்ளையாப் போடன்.”

இதைக் கேட்காத வாடிக்கையாளர் எனக்கு இதுவரை அமையவில்லை. ஸ்ரூடியோக்களும் கேட்காமலேயே செய்து கொடுப்பதால் அது ஒரு மரியாதை என்றே ஆகிவிட்டது. கலியாண விளம்பரத்தில் ‘பொது நிறம்’ என்று போடுகிற அதே மரியாதை. எனக்கு இதில் கொள்கை உண்டு, ஆனால் பெரியம்மாவிடம் கொள்கை பேசி வெல்ல முடியாது. தொழில் ரீதியாகத்தான் சொன்னேன்: முகத்தை வெளிறச் செய்தால் திருநீறு எடுபடாது. மூக்குத்தி மினுங்காது. கண் உள்ளுக்குப் போய்விடும். இதெல்லாம் பளிச்சென்று இருப்பது சுற்றியிருக்கிற தோல் கறுப்பாக இருப்பதால்தான். மூக்குத்தியை விரலால் மறைத்துக் காட்டி, எடுத்துக் காட்டி விளங்கப்படுத்தினேன். மூக்குத்தி விஷயம் அவவுக்குப் பிடித்துக்கொண்டது. அது இந்தியாவிலிருந்து வந்த கல்லாம், பரம்பரையில் பெரியம்மாவுக்கு வந்திருக்க வேண்டியதாம், சின்னம்மாவுக்குப் போய்விட்டதாம். அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கதைதான் நடந்தது. வெள்ளை மறந்துபோச்சு.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் இதைச் சொல்லாமல் படத்தைக் கொடுத்தால் அவ்வளவு நாள் வேலையும் வீண். எல்லாக் கலர் பென்சிலும் வெயிலுக்கு நிற்காது. மண்ணிறங்கள் நிற்கும், மண் எங்கே வெளிறப்போகிறது. ரோசாவிலும் ஊதாவிலும் கனக்க, சில வருடத்தில் பறந்துவிடும். இதற்கென்று ஏ.எஸ்.டி.எம். டி6901 என்று ஒரு தரக்கட்டளை இருக்கிறது, சுவிஸில் கரன் டாஷ் நிறுவனம் தன் லுமினன்ஸ் பென்சில் வகைக்கு அந்த எண்ணையே பின்னொட்டாக வைத்திருக்கிறது. விலையைக் கேட்டால் மாமா அடுத்த முறை வரவே மாட்டார். என்னிடம் இருக்கிற பென்சிலுக்கு நானே செய்து பார்த்த சோதனை: ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, மேற்கு யன்னலில் ஒரு கோடை முழுக்க ஒட்டிவைத்தேன். இரண்டு ரோசாவும் ஒரு ஊதாவும் தோற்றுப்போயின. அவற்றை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளில் முட்டக்கூடாது, இடையில் மட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மெழுகு கண்ணாடியில் ஒட்டும். நேர் வெயில் படுகிற சுவரில் கொழுவ வேண்டாம். இவ்வளவையும் நான் பெரியம்மாவுக்கும் சொன்னேன். அவ அம்மம்மாவைக் கொண்டுபோய் மாட்டியிருப்பது கிழக்கு வாசலுக்கு நேர் எதிரே, காலை ஏழு மணிக்கு முழு வெயிலும் விழுகிற சுவரில். ஏன் என்று கேட்டால், “மற்றச் சுவரெல்லாம் கொங்கிறீற் பிள்ளை, ஆணி இறங்காது,” என்கிறா. மேசன் வேலை தெரிந்த ஒரு தம்பியிடம் ட்ரில் மெஷினோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.